கார் செட் பாடவில்லையா? புதுசு வாங்கப் போகும் முன் வீட்டிலேயே அளந்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

கார் ஸ்டீரியோ நின்றுபோனால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது செட்டைத்தான். கடைக்காரரும் சரி என்று புது ஆண்ட்ராய்டு செட்டை எடுத்துக் காட்டுவார். ஆனால் செட் டாஷ்போர்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. வெயிலில் காய்வது, கதவோடு சேர்ந்து மடங்குவது, மழையில் நனைவது, எலியிடம் கடி வாங்குவது எல்லாம் ஒயரும் ஸ்பீக்கரும்தான். அதனால் பழுது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பேட்டரியிலிருந்து ஸ்பீக்கர் வரை மின்சாரம் போகும் பாதையில் எங்கே நிற்கிறது என்று அளந்து கண்டுபிடித்துவிட்டால், பல நேரம் ஒரு ஃப்யூஸோ இரண்டடி ஒயரோ போதும்.

கையில் வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். சென்னையில் ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் இருக்கும். டி.சி. 20 வோல்ட், 200 ஓம், ஒயர் அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும் கன்டின்யூட்டி, இந்த மூன்று நிலைகள் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. அதோடு ஸ்க்ரூ டிரைவர், டோர் பேடை (கதவின் உட்புற மூடியை) நெம்ப பிளாஸ்டிக் பட்டை, ரிமோட்டில் போடும் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி ஒன்று, உதிரி ஃப்யூஸ்கள், இன்சுலேஷன் டேப். சால்டரிங் அயர்ன் இருந்தால் நல்லது.

தொடங்கும் முன் மூன்று எச்சரிக்கைகள். மஞ்சள் உறையோ மஞ்சள் கப்ளரோ (ஒயர்களைச் சொருகி இணைக்கும் ப்ளக்) போட்ட ஒயர் கட்டு பெரும்பாலும் ஏர்பேக்குடையது. அதில் மீட்டர் முனையைக்கூட வைக்காதீர்கள். கப்ளரைக் கழற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிடுங்கள், ஆனால் சில கார்களின் கம்பெனி செட் அதன்பின் ரகசிய எண் கேட்டு அடம்பிடிக்கும் என்பதால் அந்த எண் எழுதிய அட்டை எங்கே இருக்கிறது என்று முதலில் தேடி வையுங்கள். கார் வாரண்டியில் இருந்தால் ஒரிஜினல் ஒயரை வெட்டவே வேண்டாம். உங்கள் மாடலுக்கு ஏற்ற மாற்றுக் கப்ளர் அக்சஸரி கடைகளில் கிடைக்கும்.

எதையும் கழற்றாமல் முதல் சோதனை

செட்டிலேயே இருக்கும் பேலன்ஸும் (இடது, வலது) ஃபேடரும்தான் (முன், பின்) உங்கள் முதல் கருவிகள். பாட்டைப் போட்டுவிட்டு சத்தத்தை முன் இடது மூலைக்குத் தள்ளுங்கள். அப்புறம் முன் வலது, பின் இடது, பின் வலது. நான்கு மூலையையும் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு மூலை ஊமை என்றால் அந்த ஸ்பீக்கரோ அதன் ஒயரோ. தனி ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) போட்ட காரில் இடது பக்கம் முழுவதும் ஊமை என்றால், செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. கேபிள் மீது சந்தேகம். பின்பக்கம் இரண்டும் ஊமை என்றால், யாரோ குழந்தை ஃபேடரை முன்னால் தள்ளிவிட்டிருப்பதும் உண்டு, சிரிக்காதீர்கள். நான்கும் ஊமை, ஆனால் திரை எரிகிறது என்றால் அது தனிக் கதை, கீழே வருகிறேன்.

அடுத்து, பாட்டு எங்கிருந்து வருகிறது என்பதை மாற்றிப் பாருங்கள். எஃப்.எம். நன்றாகக் கேட்கிறது, புளூடூத் மட்டும் இல்லை என்றால் கோளாறு போனுக்கும் செட்டுக்கும் நடுவே. இரண்டு பக்கமும் பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணைத்தால் பெரும்பாலும் சரியாகும். பென்டிரைவ் மட்டும் படிக்கவில்லை என்றால் அதை ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்து, எம்.பி.3 பாட்டுகளை மட்டும் போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரில் பயன்படும் என்.டி.எஃப்.எஸ். முறையைப் பல செட்டுகள் படிக்காது.

செட் உயிரே இல்லாமல் கிடந்தால்

ஃப்யூஸில் தொடங்குங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே டாஷ்போர்டில் ஒரு ஃப்யூஸ் பெட்டி, போனட்டுக்குள் இன்னொன்று. மூடியின் உட்புறத்திலோ காரோடு வந்த கையேட்டிலோ எது ஆடியோவுக்கு என்று படம் இருக்கும். பல கார்களில் செட்டின் சுவிட்ச் லைனும் மொபைல் சார்ஜ் போடும் சாக்கெட்டும் ஒரே ஃப்யூஸில் இருக்கும். சாக்கெட்டும் வேலை செய்யவில்லை என்றால் பதில் பாதி கிடைத்துவிட்டது. செட்டின் முதுகிலும் ஒரு ஃப்யூஸ் உண்டு, வழக்கமாக 10 அல்லது 15 ஆம்பியர்.

ஃப்யூஸைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதைவிட, இருந்த இடத்திலேயே அளப்பது நம்பகமானது. பிளேடு ஃப்யூஸின் தலையில் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் தெரியும். சாவியை ஆன் நிலையில் வைத்து, மீட்டரின் கறுப்பு முனையை பாடியில் பெயின்ட் இல்லாத போல்ட்டில் வைத்து, சிவப்பு முனையால் இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். இரண்டிலும் 12 வோல்ட் வந்தால் ஃப்யூஸ் நலம். ஒன்றில் மட்டும் வந்தால் போய்விட்டது.

மாற்றும்போது அதே அளவு. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். "அடிக்கடி போகுதே" என்று 10 இருந்த இடத்தில் 30 போடுவதோ சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவதோ காருக்குத் தீ வைக்கும் வேலை. ஃப்யூஸ் காப்பது செட்டை அல்ல, ஒயரை. புது ஃப்யூஸும் உடனே போனால் செட்டின் கப்ளரைக் கழற்றிவிட்டு இன்னொன்று போடுங்கள். இப்போதும் போனால் காரின் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. போகவில்லை என்றால் பிரச்சினை செட்டின் பக்கம்.

ஃப்யூஸ் நலம், செட் மட்டும் எழவில்லையா? செட்டை வெளியே இழுத்துக் கப்ளரில் அளக்க வேண்டும். வெளிக் கடையில் வாங்கும் செட்டுகளின் ஒயர் நிறங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: மஞ்சள் எப்போதும் பேட்டரி, சிவப்பு சாவி போட்டால் மட்டும், கறுப்பு எர்த் (கார் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் ஒயர்), நீலம் ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு ஆம்பை எழுப்ப. ஸ்பீக்கர்களில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது அந்தந்த ஜோடியின் நெகட்டிவ். இது செட்டோடு வரும் ஒயருக்குத்தான். கார் கம்பெனி ஒயரின் நிறம் ஒவ்வொரு மாடலிலும் வேறு, நிறத்தை நம்பி இணைக்காதீர்கள்.

மஞ்சளில் எப்போதும் 12 வோல்ட்டுக்கு மேல், சிவப்பில் சாவி போட்டதும் அதே அளவு. மஞ்சளில் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வந்தால், சாவியை எடுக்கும்போதெல்லாம் நேரமும் ஸ்டேஷன்களும் மறந்துபோகும். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருந்தாலும் இதே அறிகுறிதான். ஃபோக்ஸ்வேகன் வகைக் கார்களில் பொதுக் கப்ளரை அப்படியே சொருகும்போது இது நடக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

எர்த்தை அளக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. செட் ஓரளவு சத்தமாகப் பாடிக்கொண்டிருக்கும்போது மீட்டரின் ஒரு முனையை செட்டின் கறுப்பு ஒயரிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட் அளவுக்குக் காட்டினால் எர்த் பிடிமானம் மோசம். சும்மா பீப் அடிக்கிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும்.

பேட்டரியையும் மறக்க வேண்டாம். இன்ஜின் ஓடாமல் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வரை. ஸ்டார்ட் செய்யும் நொடியில் செட் அணைந்து எழுவது பல கார்களில் சகஜம். பேஸ் அடிக்கும்போதெல்லாம் அணைந்து எழுந்தால் பேட்டரியோ எர்த்தோ தளர்கிறது.

திரை எரிகிறது, நான்கு ஸ்பீக்கரும் ஊமை

இங்கேதான் நல்ல செட்டுகள் நிறைய குப்பைக்குப் போகின்றன. ஒரே ஒரு ஸ்பீக்கர் ஒயர் எங்காவது பாடியில் தொட்டாலும், செட்டுக்குள் இருக்கும் ஆம்ப் சிப் தன்னைக் காத்துக்கொள்ள எல்லாவற்றையும் நிறுத்திவிடும். செட் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

செய்ய வேண்டியது: ஸ்பீக்கர் ஒயர்கள் எட்டையும் செட்டிலிருந்து பிரித்து, தெரிந்த நல்ல ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் நேராக இணைத்துப் பாருங்கள். பாடினால் செட்டுக்கு ஒன்றுமில்லை. இனி ஒவ்வொரு ஜோடியாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எந்த ஜோடியைச் சேர்த்ததும் ஊமையாகிறதோ அதுதான் குற்றவாளி. ஒவ்வொரு முறையும் சாவியை அணைத்துவிட்டுச் சேருங்கள்.

இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் எர்த் அல்ல. பெரும்பாலானவற்றில் பிளஸ், மைனஸ் இரண்டு ஒயரிலும் பாடியை ஒப்பிட்டால் சுமார் 6 வோல்ட் நிற்கும். இரண்டுக்கும் நடுவே அளந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். இது சரியான நிலை. இரண்டுக்கும் நடுவே சில வோல்ட் டி.சி. இருந்தால் சிப் போய்விட்டது, அந்த ஜோடியில் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள், அதற்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயில் (coil) கருகும். ஒரு ஒயர் மிச்சம் என்று நெகட்டிவை பாடியில் முறுக்கிவிடும் பழைய பழக்கம் இப்படித்தான் செட்டைக் கொல்கிறது.

ஒரு மூலை மட்டும் ஊமை, அல்லது வந்து வந்து போகிறது

செட்டின் பின்னால் கப்ளரைக் கழற்றி, அந்த ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயர்களில் பென்சில் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். கதவுக்குள்ளிருந்து "டப்" என்று கேட்டால் ஒயரும் ஸ்பீக்கரும் உயிரோடு இருக்கின்றன. கம்பெனியே தனி ஆம்ப் வைத்த கார்களில் மட்டும் இதை ஆம்பின் வெளிப்பக்கத்தில் செய்யுங்கள்.

அப்புறம் ஓம் அளவு. 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் சுமார் 3.2 முதல் 3.8 வரை காட்டும். மீட்டர் எதையும் காட்டாமல் திறந்த நிலையில் நின்றால் ஒயரோ காயிலோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகே வந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான தனி ட்வீட்டருக்கு முன்னால் கெபாசிட்டர் இருந்தால் அது எப்போதும் திறந்ததாகவே காட்டும். அதை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

கதவைத் திறந்து மூடினால் சத்தம் வந்து போகிறதா? கதவுக்கும் பில்லருக்கும் நடுவே மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய் இருக்கும். பல வருடம் மடங்கி மடங்கி உள்ளே ஒயர் அறுந்திருக்கும். வெளியே உறை முழுசாக இருப்பதால் பார்த்தால் தெரியாது. மீட்டரை இணைத்து வைத்துக்கொண்டு கதவை மெதுவாக ஆட்டுங்கள், எண் துள்ளினால் அங்கேதான். சரிசெய்யும்போது அந்த மடிப்புக்குள்ளேயே முறுக்கி டேப் சுற்றினால் சில மாதத்தில் மறுபடி அறும். கதவுக்குள்ளிருந்து கேபின் உட்புறம் வரை புதுத் துண்டு ஒயர் ஓட்டி, மடங்காத இடத்தில் சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். நீங்கள் அறுப்பது ஸ்பீக்கர் ஒயர்தானா, பவர் விண்டோ ஒயரா என்று இருமுறை பாருங்கள்.

டோர் பேடைக் கழற்றுவது பயமுறுத்தும், ஆனால் முறை எளிது. கைப்பிடிக் குழியிலும் உள்பக்கத் தாழ்ப்பாள் பின்னாலும் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களை முதலில் எடுத்துவிட்டு, கீழ் ஓரத்திலிருந்து பட்டையால் நெம்பினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடும். ஒன்றிரண்டு உடையும். உங்கள் மாடலுக்கான கிளிப்புகளைச் சென்னைக்காரர்கள் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ முன்பே வாங்கி வைத்துக்கொள்ளலாம். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சில கார்களின் கதவுக்குள் அழுத்த சென்சார் இருக்கும். அப்படிப்பட்ட காரில் இந்த வேலையை விட்டுவிடுங்கள்.

பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். மெக்கானிக்குகள் பலர் இதைக் கிழித்து எறிந்துவிடுவார்கள். தயவுசெய்து அதைக் கிழிக்காதீர்கள். மழைநீர் கண்ணாடி ரப்பர் வழியாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பு, அது அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியேற வேண்டும் என்றே கதவு செய்யப்பட்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் கேபினுக்குள் வராமல் தடுப்பது இந்த ஷீட்தான். அது போனால் ஐப்பசி மழையில் கார்ப்பெட் ஊறி நாற்றமடிக்கும். அடி ஓட்டைகளில் மண் அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். அடைப்பினால் தேங்கும் தண்ணீர்தான் கதவு ஸ்பீக்கர்களைத் துருப்பிடிக்க வைக்கிறது.

ஸ்பீக்கர் வெளியே வந்ததும் காகிதக் கூம்பை இரு பக்கமும் விரல் வைத்துச் சமமாக அழுத்துங்கள். கரகரவென்று உரசினால் காயில் கருகிவிட்டது, புதுசுதான். சுற்றியுள்ள ஃபோம் வெயிலில் பொடிந்திருந்தாலும் அதே. கூம்பில் சின்னக் கிழிசல் என்றால் ரப்பர் பசை தடவி ஒட்டலாம்.

புது ஸ்பீக்கர் போட்டும் பேஸ் இல்லை

ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் தள்ளியதும் பேஸ் கூடினால் நிச்சயம் இதுதான். பென்சில் பேட்டரியின் பிளஸை ஸ்பீக்கரின் பிளஸில் தொட்டால் கூம்பு வெளியே துள்ள வேண்டும். எல்லா ஸ்பீக்கரும் ஒரே திசையில் துள்ளும்படி ஒயரை மாற்றிப் போடுங்கள்.

சத்தத்தைக் கூட்டினால் கிழிகிறது என்கிறீர்களா? பெட்டியில் 50 வாட்ஸ் பெருக்கல் 4 என்று போட்டிருப்பார்கள். செட்டின் ஃப்யூஸ் 10 ஆம்பியர் என்றால், 14 வோல்ட்டில் அது தொடர்ந்து இழுக்கக்கூடியதே 140 வாட்ஸ்; அதிலிருந்து 200 வாட்ஸ் எப்படி வெளியே வரும்? தொடர்ந்து தரக்கூடியது ஒரு சேனலுக்கு சுமார் 15, 20 வாட்ஸ்தான். லவுட்னஸ், பேஸ் பூஸ்ட் இரண்டையும் அணைத்து, முக்கால்வாசிக்கு மேல் சத்தம் வைக்காமல் கேட்டுப் பாருங்கள். அப்போதும் போதவில்லை என்றால்தான் ஆம்ப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் 'ஊஊ' சத்தம்

தனி ஆம்ப் போட்டவர்களின் பெரிய தலைவலி. இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் எர்த் வித்தியாசத்தின் வழியாக சிக்னலில் ஏறுகிறது. கடையில் உடனே ஃபில்டர் ஒன்றை விற்பார்கள்; அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினை ஓடவிட்டு வால்யூமைக் குறையுங்கள். வால்யூமோடு சேர்ந்து இரைச்சலும் குறைந்தால் அது செட்டுக்கு முன்னாலிருந்து வருகிறது: போன், சார்ஜர், போனைச் செட்டில் மாட்டும் ஆக்ஸ் கேபிள். வால்யூமை பூஜ்யமாக்கியும் இரைச்சல் அப்படியே இருந்தால் செட்டுக்கும் ஆம்புக்கும் நடுவே அல்லது ஆம்பிலேயே. இப்போது செட்டை அணைத்து ஆம்பிலிருந்து ஆர்.சி.ஏ. கேபிளைப் பிடுங்கி மறுபடி ஆன் செய்யுங்கள். இரைச்சல் நின்றால் கேபிள் அல்லது செட்டின் பக்கம். நிற்கவில்லை என்றால் ஆம்பின் எர்த்.

எர்த்துக்கு பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியும்படி செய்து, ரிங் டெர்மினலை போல்ட்டில் இறுக்குங்கள். ஒயர் ஒன்றரை அடிக்குள், பவர் ஒயரின் தடிமனுக்குக் குறையாமல். சீட் பெல்ட் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தவே கூடாது, அது உயிர் காக்கும் போல்ட். ஆர்.சி.ஏ. கேபிள் காரின் ஒரு பக்கமும் பேட்டரி ஒயர் மறுபக்கமும் ஓடட்டும். ஆம்பின் கெய்ன் (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் திருகு) வால்யூம் அல்ல. முழுக்கத் திருகி வைத்திருந்தால் இரைச்சலும் பெருகும், குறையுங்கள்.

போனை ஆக்ஸில் மாட்டி, அதே நேரம் காரிலேயே சார்ஜ் போட்டால் மட்டும் இரைச்சல் வருகிறது என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது எர்த்துக்கு இரண்டு வழி இருப்பதால் வரும் இரைச்சல். அதில் ஒரு வழியைத் துண்டிக்கும் சின்ன ஐசோலேட்டர் ஒன்றை ஆக்ஸ் கேபிளின் நடுவில் போடலாம், இல்லையேல் புளூடூத்துக்கு மாறிவிடலாம்.

ஆம்பில் சிவப்பு விளக்கு

ஆம்ப் எழவே இல்லை என்றால் பேட்டரிக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ஃப்யூஸ், எர்த், செட்டிலிருந்து வரும் நீல வெள்ளை ஒயரில் 12 வோல்ட், இந்த மூன்றையும் அளங்கள். புரொடெக்ட் என்ற அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றுங்கள். விளக்கு போனால் ஸ்பீக்கர் பக்கம் ஷார்ட், அல்லது ஓம் குறைவு: 4 ஓம் இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும், பிரிட்ஜ் செய்த (இரண்டு சேனலை ஒன்றாகச் சேர்த்த) பல ஆம்புகள் அதைத் தாங்காது. எல்லாம் கழற்றியும் எரிந்தால் ஆம்பே பழுது. நீண்ட ஓட்டத்தில் மட்டும் அணைந்தால் சூடு. சீட்டுக்கடியில் கார்ப்பெட்டால் மூடிக் கிடக்கிறதா பாருங்கள்.

எஃப்.எம். இரைச்சல்

முதலில் கூரை ஆன்டெனாவின் குச்சி திருகி இறுக்கமாக இருக்கிறதா, செட்டின் முதுகில் ஆன்டெனா ப்ளக் முழுசாக உள்ளே போயிருக்கிறதா பாருங்கள். செட் மாற்றிய பிறகுதான் எஃப்.எம். மோசமானது என்றால், ஆன்டெனாவின் அடியில் இருக்கும் பூஸ்டருக்கு நீல ஒயர் இணைக்கப்படவில்லை என்பது பொதுவான காரணம். வலுவான ஸ்டேஷனை வைத்துச் சோதியுங்கள்: சென்னையில் 93.5 அல்லது 98.3, மதுரை, திண்டுக்கல் பக்கம் கோடை பண்பலை 100.5. அதுவே இரைந்தால் ஆன்டெனா. டேஷ்கேம், மலிவு சார்ஜர், எல்.இ.டி. ஹெட்லைட் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் தெளிகிறதோ அதை மாற்றுங்கள்.

காலையில் பேட்டரி இறங்கிக் கிடந்தால்

அணைத்த பிறகும் ஆண்ட்ராய்டு செட் அரைத் தூக்கத்தில் மின்சாரம் குடிக்கலாம். காரைப் பூட்டி அரை மணி நேரம் விட்டபின், பேட்டரி நெகட்டிவைக் கழற்றி முனைக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டு இணையுங்கள். கழற்றி மாட்டியதில் காரின் கம்ப்யூட்டர்கள் மறுபடி விழித்துக்கொள்ளும். எண் இறங்கி நிற்கும்வரை பொறுங்கள். சுமார் 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் சரி. அதிகம் என்றால் செட்டின் ஃப்யூஸைப் பிடுங்கிப் பாருங்கள், எண் சரிந்தால் அதுதான். மீட்டர் இருக்கும்போது காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

கடைக்கே விட வேண்டியவை

சிப் மாற்றுவது, கம்பெனி ஆம்பைப் பிரிப்பது, ஸ்டீயரிங் பட்டன்கள் வேலை செய்யாமல் போவது. கடைசியில் சொன்னதற்குக் காரணம் ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் ஸ்பைரல் கேபிளாக இருக்கலாம். அதே கேபிளில்தான் ஏர்பேக் லைனும் ஹாரனும் போகின்றன. கடைக்குப் போனால் "சத்தம் வரல" என்று மட்டும் சொல்லாமல், எந்த ஒயரில் எத்தனை வோல்ட், எந்த ஸ்பீக்கரில் எத்தனை ஓம் என்று குறித்த தாளை நீட்டுங்கள். வேலை முடிந்ததும் அங்கேயே நின்று ரிவர்ஸ் கேமரா, ஹாரன், பவர் விண்டோ, சென்ட்ரல் லாக், டாஷ்போர்டு மீட்டரில் ஏர்பேக் விளக்கு அணைகிறதா என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.